வீட்டுத் தொழில் ஏன் பாதியில் நிற்கிறது: சேலத்துக் கணக்கு நோட்டுகளிலிருந்து

சேலத்தில் வீட்டுக்குள் தொழில் நடக்காத தெரு குறைவு. அம்மாப்பேட்டைச் சந்துகளில் இன்றும் தறிச் சத்தம் கேட்கும். சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் திண்ணையிலேயே உட்கார்ந்து கொலுசு வேலை பார்ப்பார்கள். குகையில் மாலை நேரத்தில் எந்த வீட்டிலிருந்து தட்டுவடை வாசனை வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, அத்தனை வீடுகள். வெயில் காலத்தில் மொட்டை மாடியெல்லாம் ஜவ்வரிசி வடாம் காயும். ஏற்காட்டுக்கு ஏறினால் வீட்டிலேயே வறுத்து அரைத்த காபித்தூள், மிளகு, சாக்லேட். இவ்வளவு இருந்தும், ஆரம்பித்தவரே பத்து வருடம் தாண்டி நடத்துகிற வீட்டுத் தொழில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுபவள். வீட்டுத் தொழில் செய்யும் பெண்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு சமயங்களில் வருவார்கள். ஆரம்பிக்கும்போது, லோனுக்குத் திட்ட அறிக்கை கேட்டு. மூடும்போது, அந்த லோனை என்ன செய்வது என்று கேட்டு. நடுவில் வருகிறவர்கள் குறைவு, அதுதான் எனக்கு வருத்தம்.

மூடும்போது காரணம் கேட்டால் "வியாபாரம் இல்லைங்க" என்பார்கள். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் வியாபாரம் இருக்கும். கடைசி மாதம் வரை ஆர்டர் வந்திருக்கும். எண்ணெய் வாங்கியது, மாவு அரைத்தது, கவர் வாங்கியது, ஆட்டோவுக்குக் கொடுத்தது எல்லாம் தேதி வாரியாக இருக்கும். செய்தவரின் கூலி என்று மட்டும் ஒரு வரி கூட இருக்காது. அந்த ஒரு வரி விட்டுப்போனதுதான் பெரும்பாலான வீட்டுத் தொழில்களை நிறுத்துகிறது என்பது இத்தனை வருடம் நோட்டு பார்த்ததில் எனக்கு வந்த முடிவு. மற்ற காரணங்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். முதலில் இதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

தட்டுவடையையே எடுத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் ஊர் தட்டுவடை செட் என்பது இரண்டு சிறிய தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, காரச் சட்னியும் மல்லிச் சட்னியும் தடவிக் கொடுப்பது. தள்ளுவண்டிக்காரர் செட் போடுவதோடு சரி. தட்டுவடை எங்கோ ஒரு வீட்டிலிருந்து வருகிறது.

எனக்குச் சித்தி முறையாகும் ஒருவர் குகையில் இதைத்தான் செய்தார். விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைப்பார். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் முந்தின இரவே சலித்து வைத்திருக்கும். ஊறிய கடலைப்பருப்பு, மிளகாய் விழுது, கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, எண்ணெய் தடவிய கவருக்கு நடுவில் வைத்து, அடி தட்டையான டபராவால் ஒரு அழுத்து. பூரி மாதிரி உப்பாமலிருக்க இரண்டு இடத்தில் குத்துவார். எண்ணெயில் போட்டால் சடசடவென்று கத்தும். அந்தச் சத்தம் அடங்குகிற நேரம்தான் பதம். ஒரு நொடி முந்தினால் நமுத்துப்போகும், பிந்தினால் கசக்கும். சித்தி அடுப்பைப் பார்க்கவே மாட்டார், காதை வைத்தே எடுத்துவிடுவார். அவருடைய மாமியார் உருட்டிக் கொடுப்பார்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். கடைக்குக் கிலோ 220 ரூபாய்க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாவு, பருப்பு, எண்ணெய், கவர் எல்லாம் சேர்ந்து 140. மீதி 80. ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ என்றால் 640 ரூபாய் கையில் நிற்கும். நோட்டில் லாபம் என்று இதைத்தான் எழுதுவார்கள். கேஸ் கணக்கில் வராது, ஏனென்றால் அது வீட்டு சிலிண்டர். மணிக்கணக்கில் எண்ணெய் காய்ந்தால் சிலிண்டர் ஒரு வாரம், பத்து நாளில் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 110 ரூபாயாவது கேஸுக்குப் போகும். கொண்டுபோய்க் கொடுக்கிற பெட்ரோல் 60. உடைந்ததும், கடைக்காரர் திருப்பி அனுப்பியதும் 50. இப்போது மீதி 420. இதற்கு இரண்டு பேர் காலை ஆறு மணி நேரம், மாலையில் கவர் போட்டு ஒட்ட இரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 210 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தவே கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கினால் கிலோவுக்கு ஆகும் விலை இன்னும் கூடும். அதையும் சேர்த்தால் 210 இன்னும் இறங்கும்.

இந்தக் கணக்கை ஒருநாள் சித்தியிடம் போட்டுக் காட்டினேன். "இதுல என்ன கண்ணு கூலி? நான் எப்படியும் வீட்டுலதானே இருக்கேன்" என்றார். அவர் அப்படிச் சொல்வதில் தப்பே இல்லை. ஐந்து பேருக்குச் சமைப்பதற்கும் துணி துவைப்பதற்கும் அவருக்கு யாரும் கூலி போட்டதில்லை. அதே அடுப்பில், அதே பாத்திரத்தில், அதே கையால் செய்கிற இன்னொரு வேலைக்கு மட்டும் திடீரென்று விலை போடத் தோன்றுமா?

ஆனால் அதன் விளைவு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். கூலி விலையில் இல்லை. அதனால் உதவிக்கு ஒரு ஆள் வைக்க முடியவில்லை. மணிக்கு 26 ரூபாய்க்கு யார் வருவார்கள்? ஆள் இல்லாததால் சித்திக்கு உடம்புக்கு முடியாமல் போகக் கூடாது, ஊருக்குப் போகக் கூடாது, கல்யாணம் காட்சிக்குப் போனாலும் மதியமே திரும்பிவிட வேண்டும். ஒருநாள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை, அப்புறம் வீட்டில் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலை. உருட்டிக் கொடுத்த கையும் போயிற்று, பொரித்த கையும் ஓய்வில்லாமல் போயிற்று. சில வாரங்களில் கடைகள் வேறு இடத்தில் சரக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டன. உறவில் எல்லோரும் மாமியார் விழுந்ததால் தொழில் நின்றது என்கிறார்கள். கிலோ 220க்குக் கொடுத்த நாளிலேயே அது நிற்கத் தொடங்கிவிட்டது என்பேன் நான்.

பணம் வரும் வழியும் ஒரு பிரச்சினை. சித்தி சரக்கு போட்ட கடைகளில் ஒன்று பெரிய கடை. வாரா வாரம் வாங்கிக்கொண்டு "அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கங்க" என்றே ஓட்டியது. எண்ணெய்க் கடைக்காரர் அப்படிக் கடன் தருவாரா? மாட்டார். இடையில் இருக்கிற பெண் தன் நகையை அடகு வைத்து, பெரிய கடைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை. இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும், கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, வாங்கியவர் பணத்தைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வந்துவிட்டது. இதையெல்லாம் கேட்டு வாங்க உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு, வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போனும் இருந்தால் போதும். ஆனாலும் சித்தி மாதிரியானவர்கள் புகார் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அடுத்த வாரம் அந்தக் கடையில் சரக்கு எடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. ஒரே கடையை நம்பி இருக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

அப்புறம் அந்த க்யூஆர் கோடு. தொழில் செய்வது மனைவி, அட்டையில் இருப்பது கணவர் பெயர். வசூலாகும் பணம் அவர் கணக்குக்குப் போய், வண்டி இஎம்ஐயோடும் பள்ளிக் கட்டணத்தோடும் கலந்துவிடுகிறது. கணவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பல வீடுகளில் நல்ல மனிதர்கள்தான். ஆனால் நாளைக்கு வங்கியில் ஐம்பதாயிரம் கேட்டால், மேனேஜர் அந்த அக்காவின் பெயரில் ஆறு மாத வரவு செலவைப் பார்ப்பார். அதில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்து போனது மட்டும் இருக்கும். தொழில் நடந்ததற்கே சாட்சி இல்லை. வேறு வழியில்லாமல் வாரத் தவணைக் கடனுக்குப் போவார்கள்.

உரிமைத் தொகையைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தொழிலைப் பதிவு செய்தால் அந்த ஆயிரம் நின்றுவிடும் என்று பயந்து பதிவே செய்யாதவர்கள் நிறைய. 2023இல் திட்டம் வந்தபோது விலக்கப்பட்டவர்கள் பட்டியலில், தொழில் நடத்துவோரில் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்று வரி கட்டுகிறவர்கள்தான் இருந்தார்கள். குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம் என்பது தனி. திண்ணையில் வடாம் விற்கிறவர் உத்யமில் பேர் பதிந்ததற்காகத் தொகை போகாது.

சரி, கூலியும் போட்டு, கணக்கும் தனியாக வைத்தவர்கள் எல்லோரும் தப்பித்தார்களா? இல்லை. கொலுசு வேலையைப் பாருங்கள். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கம்பி இழுப்பது ஒரு வீடு, கண்ணி கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு பட்டறை. முடிந்ததும் எடை போட்டு, சேதாரம் கழித்து, கிலோ கணக்கில் கூலி. விலை வைப்பது அந்த வீட்டுக்காரர் கையில் இல்லவே இல்லை. வெள்ளி கிலோ 2024இல் ஒரு லட்சம் தொட்டது. 2025இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. வெள்ளி வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம். கூலிக்கு வேலை செய்தவருக்கோ, அதே முதலீட்டில் வியாபாரி வாங்கும் வெள்ளி பாதியாகிவிட்டது, அதனால் வீட்டுக்கு வரும் வேலையும் பாதியாகிவிட்டது. வாங்குகிறவர்களும் கனமான கொலுசு வேண்டாம், மெல்லிசாகப் போதும் என்கிறார்கள். மெல்லிய கொலுசில் கண்ணிகள் கிட்டத்தட்ட அத்தனையும் உண்டு, எடை மட்டும் குறைவு. கிலோவுக்குக் கூலி என்றால் அதே உழைப்புக்குக் காசு குறைகிறது. பனங்காட்டில் கணவன் மனைவி இருவரும் கண்ணி கோத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் இப்போது கணவர் சிறப்பாக நடக்கும் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறார். அந்தத் தொழில் நின்றதற்கு அவர்கள் எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

தறிக்கு இடம்தான் எமன். குழித்தறி வீட்டின் முன்பாதியை எடுத்துக்கொள்ளும். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும், எதிரே பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீண்டு கிடக்க வேண்டும். மழை பலமாகப் பெய்தால் குழிக்குள் ஈரம் ஊறி, பாவு கெட்டு, வேலை நிற்கும். அதைக் கூடச் சமாளித்துவிடுவார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதுதான் தறி போகிறது. பத்தடி அகல வீட்டை இரண்டாகப் பிரித்தால் யார் பங்கிலும் தறி நிற்காது. அல்லது ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டி டைல்ஸ் போடுவார்கள், குழியை மூடிவிடுவார்கள். சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம், ஊரிலேயே 1960இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தறி போட ஒரு பொதுக் கூடம் தெருவுக்கு ஒன்று இருந்திருந்தால் இவையெல்லாம் இன்னும் பலருக்குப் பயன்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே சீசன் என்றால் சீசன்தான். மே மாதக் கோடை விழாவும் விடுமுறைக் கூட்டமும்தான் வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி. 2020இலும் 2021இலும் அந்த மே மாதங்கள் ஊரடங்கில் போயின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழே ஒரு கடைக்காரருக்கு ஒரு வாரம் மூடினால் ஒரு வார நட்டம். மேலே ஒரு சீசன் போனால் ஒரு வருடம் போயிற்று. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் அம்மாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அறுவடை நவம்பரில் தொடங்கும். வருடத்துக்கு வேண்டிய கொட்டையை அவர் தை மாசிக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். 2025 பிப்ரவரியில் அராபிகா விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. தோட்டக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், அவர்களுக்கும் அது நியாயம்தான். இந்த அம்மாவோ வழக்கமாக வாங்கும் அளவில் பாதிதான் வாங்க முடிந்தது. தூள் விலையை ஏற்றுங்கள் என்றால், "வருசா வருசம் வர்றவங்க, எப்படிம்மா கேக்கறது?" என்று சிக்கரி சேர்க்கவும் மனமில்லாமல், விலை ஏற்றவும் மனமில்லாமல் இருந்தார். கூச்சம் வீட்டுத் தொழிலில் பெரிய செலவு. கடையில் விலைப்பட்டியல் பேசும். வீட்டு வாசலில் நம் முகத்தை வைத்துக்கொண்டு நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர் மகள் ஒரு அட்டையில் புது விலையை எழுதி வாசலில் மாட்டினாள். சிலர் முணுமுணுத்தார்கள், பெரும்பாலானோர் வாங்கினார்கள்.

வளர்ந்ததால் நின்ற தொழிலும் பார்த்திருக்கிறேன். ஜவ்வரிசி வடாம் போடும் ஒரு அக்காவுக்குப் பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தது. எங்கள் ஊர் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, 1981இலிருந்து ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கிறது, சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் வரி உள்ள பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்ற சலுகை மாநிலத்துக்குள் விற்கிற வரைதான். ஓசூரைத் தாண்டினால் விற்பனை எவ்வளவு சின்னதானாலும் பதிவு செய்தாக வேண்டும். கூடவே உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், எடை, தயாரித்த தேதி எல்லாம் கவரில் வேண்டும். அக்கா இதையெல்லாம் செய்யத் தயாராகத்தான் இருந்தார். இடையில் ஐப்பசி மழை. மாடியில் காய்ந்துகொண்டிருந்தது பூசணம் பிடித்தது. சொன்ன தேதிக்கு அனுப்ப முடியவில்லை, ஆர்டர் போயிற்று. உலர்த்தும் இயந்திரம் வாங்க மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் இருந்தது, ஆனால் வாடகை வீட்டுக்காரர் அதற்கு மின் இணைப்பு வாங்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். வாடகை வீட்டில் தொழில் செய்பவரின் எல்லை வீட்டுக்காரரின் மனசுதான்.

நிற்கிற தொழிலெல்லாம் தோற்ற தொழில் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மகளிர் குழு இயக்கம், பழைய சேலம் மாவட்டத்திலிருந்து முன்பே பிரிந்திருந்த தருமபுரியில் 1989இல் தொடங்கி, சில வருடத்தில் சேலத்துக்கும் வந்தது. அந்தக் காலத்தில் குழுவில் சேர்ந்து ஊறுகாய், மசாலாப் பொடி, தையல் என்று ஆரம்பித்த பல பெண்கள் இன்று அதைச் செய்யவில்லை. அவர்கள் பிள்ளைகள் நர்ஸாகவும் டீச்சராகவும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் கட்டிய கல்லூரிக் கட்டணம் எந்தக் கணக்கு நோட்டிலும் லாபமாக ஏறவில்லை. என் மனசு வலிப்பதெல்லாம் வேறு வகையைப் பார்த்தால்தான்: இன்னும் செய்ய ஆசையிருந்து, வாங்க ஆளும் இருந்து, கைத்திறமும் இருந்து, விலை பத்தாமல் நிறுத்தியவர்கள்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் லோன் விண்ணப்பத்தை எடுப்பதற்கு முன் கூலி வரியை எழுதச் சொல்கிறேன். கையில் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, விலையில் இருக்கட்டும் என்பேன். அவர்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, அதற்கே க்யூஆர் கோடு. இரண்டாவது ஆளுக்குக் கொடுக்க விலையில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் விலையை ஏற்றுங்கள், அல்லது வேறு பொருள் செய்யுங்கள் என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும், திரும்பி வந்தால் நோட்டோடு வருவார்கள்.

சித்தியின் மாமியார் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். சித்தி மறுபடி அடுப்பு பற்றவைக்கப் போவதாகச் சொன்னார். தெருவில் இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, அவளுக்கு நாள் கூலி பேசி, கிலோ 300க்குக் கீழே கொடுப்பதில்லை என்று முடிவு. பழைய பெரிய கடை அந்த விலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தள்ளுவண்டிக்காரர்கள் நான்கைந்து பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், தினமும் கையில் காசு. எண்ணெய்க்கு இந்த முறை நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.